பல்லும் எக்ஸ் கதிரும்

கண்ணாடியில் நாம் காணும் பல், பல்லின் ஒரு பகுதியே. ஈறுக்கு மேல் தெரியும் வெண்ணிற முடியைவிட, தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் வேர் நீளமானது. சொத்தை பல நேரங்களில் இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் இடுக்கில் தொடங்குகிறது. சீழ்க்கட்டி வேரின் நுனியில் உருவாகிறது. ஞானப்பல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடக்கிறது. இவற்றில் எதையும் பல் மருத்துவரின் கண் நேரே காண இயலாது. இங்கேதான் எக்ஸ் கதிர் தேவைப்படுகிறது. ஆனால் 'எக்ஸ்ரே' என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் இரு வேறு எல்லைகளுக்குப் போய்விடுகின்றனர். ஒரு சாரார் அஞ்சி நடுங்கி, அவசியமான படத்தைக்கூட மறுத்துவிடுகின்றனர். மற்றொரு சாரார், 'சின்னப் படம்தானே' என்று எதையும் பொருட்படுத்துவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையில் இயற்பியல் என்ன சொல்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வூர்ட்ஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தது 1895 நவம்பர் 8ஆம் நாள். அவர் தம் கண்டுபிடிப்பை அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் வெளியிட்டார். அடுத்த மாதமே, அதாவது 1896 ஜனவரியிலேயே, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த ஓட்டோ வால்க்ஹாஃப் என்னும் பல் மருத்துவர் தம் வாய்க்குள் ஒரு சிறு கண்ணாடி ஒளித்தகட்டை வைத்து, தம் பற்களையே படம் எடுத்துக்கொண்டார். அதற்கு ஆன நேரம் 25 நிமிடங்கள். அவ்வளவு நேரமும் அசையாமல் அவர் கதிரின் முன் இருந்தார். இன்று அதே வேலைக்கு ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாத கருவிகள் உள்ளன. நேரத்தை மட்டும் கணக்கிட்டால் ஏழாயிரம் மடங்குக்கு மேற்பட்ட குறைவு! (கதிர்க்குழாய்களின் வலிமையும் இடையில் மாறிவிட்டதால், கதிர் அளவும் சரியாக அத்தனை மடங்கு குறைந்தது என்று கொள்ளலாகாது.)

இந்த முன்னேற்றம் இலவசமாகக் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். அந்நாட்டில் உயிருள்ள மனிதரின் பற்களை முதன்முதல் எக்ஸ் கதிரால் படம் எடுத்தவர்களுள் ஒருவர். 1896ஆம் ஆண்டிலேயே பல் மருத்துவர் கூட்டம் ஒன்றில் அதைச் செய்து காட்டினார். அக்காலக் கதிர்க்குழாய்கள் வாயு நிரம்பியவை. குழாயினுள் உள்ள வாயுவின் அளவு மாற மாறக் கதிரின் ஊடுருவும் திறனும் மாறும். ஆகவே நோயாளியைப் படம் எடுக்கும் முன் குழாய் சரியான நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது? குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் இடையே தம் கையையே நீட்டி, விரல் எலும்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்ப்பதுதான் வழி. கெல்ஸ் ஆண்டுக்கணக்கில் இவ்வாறு செய்தார். முதலில் எந்தத் தீங்கும் தெரியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் கையில் புண். பின்னர் அது புற்றுநோய். அறுவைக்கு மேல் அறுவை. விரல்கள் போயின, கை போயிற்று, பின்னர் முழங்கைக்கு மேலும் வெட்ட நேர்ந்தது. 1928 மே மாதம் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இதில் நெஞ்சை உறுத்துவது என்னவெனில், எச்சரிக்கை முன்னமே ஒலித்திருந்தது என்பதே. பாஸ்டன் நகரில் வில்லியம் ரோலின்ஸ் என்ற இன்னொரு பல் மருத்துவர் இருந்தார். கதிரால் ஏற்படும் தோல் புண்களுக்குக் காரணம் எக்ஸ் கதிர் அன்று, கருவியின் அருகே உண்டாகும் மின்னூட்டமே என்று அன்று பலர் வாதிட்டனர். ரோலின்ஸ் கினிப் பன்றிகளை மின்காப்புடைய பெட்டிக்குள் வைத்து, மின்சாரத்தின் விளைவு உள்ளே எட்டாதவாறு செய்து, எக்ஸ் கதிரை மட்டும் பாய்ச்சினார். விலங்குகள் சில நாட்களில் இறந்தன. 1901இல் அவர் இதை வெளியிட்டார். அத்துடன் நிற்காமல், குழாயை ஈயக் காப்புள்ள கூட்டில் வைக்க வேண்டும், கதிர் வெளியேறச் சிறு திறப்பு மட்டுமே இருக்க வேண்டும், படம் எடுக்காத உறுப்புகளை மறைக்க வேண்டும், கையாள்பவர் ஈயக் கண்ணாடி அணிய வேண்டும் என்றெல்லாம் அறிவுரை கூறினார். அன்று அதைச் செவிமடுத்தவர் மிகச் சிலர். கதிர்ப் பாதுகாப்புக்கென உலக அளவில் ஒரு குழு அமைந்தது 1928இல், ஸ்டாக்ஹோம் மாநாட்டில். கெல்ஸ் மறைந்த அதே ஆண்டு!

கெல்ஸின் கையை வாங்கிய பழக்கத்துக்கு முடிவு கட்டியது சட்டம் அன்று, ஒரு புதிய குழாய். 1913இல் கூலிட்ஜ் உருவாக்கிய வெப்ப எதிர்மின்வாய்க் குழாயில் வாயுவுக்கு வேலையில்லை. மின்னிழையின் வெப்பத்தால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும், மின்னழுத்தத்தால் அவற்றின் ஆற்றலும் தனித்தனியே கட்டுப்படுகின்றன. இன்றைய பல் மருத்துவமனைச் சுவரில் மடங்கி நிற்கும் கருவியின் தலைக்குள் இருப்பதும் அக்குழாயின் வழித்தோன்றலே.

எவ்வளவு, யாரால்?

கதிர்வீச்சு உடலில் ஏற்படுத்தும் விளைவின் அளவை இன்று சீவர்ட் என்ற அலகால் குறிக்கிறோம். பழைய பாடநூல்களில் மாணவர்கள் காணும் 'ரெம்' என்பதில் 100 சேர்ந்தது ஒரு சீவர்ட். பல் எக்ஸ் கதிருக்குச் சீவர்ட் மிகப் பெரிய அலகு; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ சீவர்ட்டே ஏற்றது. எக்ஸ்ரேயே எடுக்காத மனிதனும் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலுள்ள ரேடானிலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் கதிர் பெற்றுக்கொண்டே இருக்கிறான். உலகச் சராசரியில் இது ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 6.6 மைக்ரோ சீவர்ட். (மோனசைட் மணல் நிறைந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்தின் சவறா பகுதியிலும் இது மிகவும் கூடுதல். அம்மணலில் உள்ள தோரியமே காரணம்.)

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். வாய் முழுவதையும் சிறு படங்களாக எடுத்தால் பதினெட்டு படங்கள் வரை தேவைப்படும். அமெரிக்க ஆய்வாளர்கள் 2008இல் இதை அளந்து வெளியிட்டனர். பழைய, மெதுவான டி வகை பிலிமையும் வட்ட வடிவக் கதிர்க்குழலையும் கொண்டு எடுத்தால் 388 மைக்ரோ சீவர்ட். பிலிமை மட்டும் வேகமான எஃப் வகைக்கு மாற்றினால் 171. அத்துடன் வட்டக் குழலுக்குப் பதில் செவ்வகத் திறப்பையும் பொருத்தினால் 35. மீண்டும் படித்துப் பாருங்கள்: அதே வாய், அதே பற்கள், அதே பதினெட்டு படங்கள், ஆனால் ஒரு முறையில் இயற்கைக் கதிர்வீச்சின் இரண்டு மாத அளவு, மற்றொரு முறையில் ஐந்து நாள் அளவு. பதினொரு மடங்கு வேறுபாடு!

ஆகவே, 'பல் எக்ஸ்ரே ஆபத்தானதா?' என்ற கேள்வியே அரைகுறையானது. எந்தக் கருவியில், யார், எப்படி எடுத்தார் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை சொல்ல முடியும்.

இவ்வளவு குறைந்த அளவுகளில் தோல் சிவத்தலோ கெல்ஸின் கைக்கு நேர்ந்ததோ நிகழாது. அவற்றுக்கு இதைப்போல் பன்மடங்கு கதிர் தேவை. எஞ்சியிருப்பது புற்றுநோய்க்கான மிகச் சிறிய வாய்ப்பு. கதிர் குறையக் குறைய அந்த வாய்ப்பும் குறைகிறது, ஆனால் முற்றிலும் இல்லை என்று சொல்வதற்கில்லை என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஒரு தனி மனிதருக்கு அது அற்பம். கோடிக்கணக்கான படங்கள் எடுக்கப்படும் ஒரு நாட்டுக்கு அற்பமன்று. மேலும், உமிழ்நீர்ச் சுரப்பிகளும் கணக்கில் கொள்ளப்பட வேண்டிய உறுப்புகளே என்று உலகக் கதிர்ப் பாதுகாப்புக் குழு 2007இல் அறிவித்தது. அச்சுரப்பிகள் பல் படத்தின் பாதையிலேயே அமைந்துள்ளன. அதனால் பல் படங்களின் மதிப்பிட்ட அளவுகள் முன்பு நினைத்ததைவிட உயர்ந்துவிட்டன.

செவ்வகத்தின் சிறப்பு

மேற்சொன்ன கணக்கில் செவ்வகத் திறப்பு செய்யும் வேலை வியப்புக்குரியது. எழுதுகோலை எடுத்துக்கொண்டால் நீங்களே சரிபார்க்கலாம். பெரியவர்களுக்கான பல் பிலிமின் அளவு சுமார் 31 மில்லி மீட்டருக்கு 41 மில்லி மீட்டர். அதாவது 12.7 சதுர சென்டி மீட்டர். வட்டக் குழலின் வாயில் கதிர்க்கற்றையின் விட்டம் 7 சென்டி மீட்டர் எனில் பரப்பு 38.5 சதுர சென்டி மீட்டர். பிலிமுக்குத் தேவையானதைப்போல் மூன்று பங்கு! இரண்டு பங்கு கதிர் எந்தப் படத்தையும் எழுதாமல் கன்னத்தையும் சுரப்பிகளையும் தாடை எலும்பின் மச்சையையும் துளைத்துச் செல்கிறது. ஒரு செடிக்கு நீரூற்றத் தோட்டம் முழுவதையும் நனைப்பதற்கு ஒப்பானது இது. பிலிமைவிடச் சற்றே பெரிதாக, 35க்கு 44 மில்லி மீட்டர் அளவில் ஒரு செவ்வகத் திறப்பு வைத்தால் பரப்பு 15.4 சதுர சென்டி மீட்டர் ஆகிறது. கதிர்படும் பரப்பில் அறுபது விழுக்காடு மிச்சம். பரப்புக் கணக்கைவிட உண்மைப் பயன் இன்னும் அதிகமாக இருப்பதற்குக் காரணம், விலக்கப்படும் பகுதியில்தான் கதிரால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகள் பல அமைந்துள்ளன என்பதே. திசுக்களில் பட்டுச் சிதறும் கதிர் குறைவதால் படமும் தெளிவாகிறது.

இவ்வளவு நன்மை தரும் இச்சிறு உலோகத் துண்டைப் பல இடங்களில் ஏன் பயன்படுத்துவதில்லை? குறி தவறினால் படத்தின் ஒரு மூலை வெள்ளையாக விழுந்துவிடும் என்ற அச்சமே காரணம். பிலிமைப் பிடிக்கும் தாங்கியோடு குழலை நேர்ப்படுத்தும் வளையமும் இருந்தால் குறி தவறாது. வட்டக் குழலின் தாராளம் எடுப்பவரின் வசதிக்காக. அதன் செலவோ நோயாளியின் கன்னத்தில்!

தாங்கியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திக் கூற வேண்டியிருக்கிறது. குழந்தை அழுகிறது, பிலிமை வாயில் நிறுத்த முடியவில்லை. உதவியாளரோ மருத்துவரோ தம் விரலாலேயே பிலிமை அழுத்திப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தச் சொல்லும் வழக்கம் இன்றும் ஆங்காங்கே இருக்கிறது. நோயாளிக்கு அது வாழ்நாளில் சில முறை. உதவியாளருக்கோ நாள்தோறும், அதே விரல்கள், நேர்க் கதிரின் பாதையில். கெல்ஸ் செய்ததும் இதையேதான். படம் எடுக்கும் பணியாளர் எக்காலத்தும் பிலிமைப் பிடித்தல் கூடாது. வேறு வழியே இல்லையெனில் குழந்தையின் பெற்றோருள் கருவுறாத ஒருவர், ஈய அங்கி அணிந்து, கதிர்ப் பாதைக்கு வெளியே கையை வைத்துக் குழந்தையைத் தாங்கிக்கொள்ளலாம்.

தகடும் தொலைவும்

குழாயிலிருந்து வரும் கதிர்கள் யாவும் ஒரே ஆற்றல் உடையன அல்ல. 70 கிலோ வோல்ட் கொடுத்தால், அந்த உச்ச ஆற்றலில் வருவன மிகச் சில. அதற்குக் கீழே எல்லா ஆற்றலிலும் கலந்து வருகின்றன. ஆற்றல் குறைந்த மென்கதிர்கள் கன்னத்தைத் தாண்டிப் பிலிமை அடைவதேயில்லை. தோலுக்குள்ளேயே உறிஞ்சப்பட்டு, படத்துக்குப் பயனின்றி உடலுக்குச் சுமையாகின்றன. இவற்றை வடிகட்டவே குழாயின் முன் அலுமினியத் தகடு வைக்கிறார்கள். 70 கிலோ வோல்ட் வரை 1.5 மில்லி மீட்டர், அதற்கு மேல் 2.5 மில்லி மீட்டர் அலுமினியத்துக்கு ஈடான வடிகட்டல் வேண்டும் என்பது வழக்கிலுள்ள விதி. அரிசியைச் சலித்து நொய்யைக் கழிப்பது போன்ற வேலைதான்.

படம் எடுப்பவருக்கோ தொலைவே சிறந்த கவசம். தலைகீழ் இருமடி விதியை நாம் ஒளியியலில் படித்திருக்கிறோம். நோயாளியின் தலையிலிருந்து சிதறும் கதிருக்கும் அது ஏறத்தாழப் பொருந்தும். ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு விலகினால் நான்கில் ஒரு பங்கு. மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. எனவேதான் விசையின் கம்பி குறைந்தது இரண்டு மீட்டர் நீளமேனும் இருக்க வேண்டும் என்கிறார்கள். எந்தத் திசையில் நிற்பது என்பதும் முக்கியம்: கதிர் செல்லும் பாதையில் ஒருபோதும் கூடாது, அதற்குச் செங்குத்தாகவோ, சற்றுப் பின்புறமாகவோ நிற்பது நலம். தடுப்புச் சுவர் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. விசையை விட்ட கணமே கதிர் நின்றுவிடுகிறது. அறையிலோ, நோயாளியின் உடலிலோ, அந்த நாற்காலியிலோ எதுவும் தங்குவதில்லை. விளக்கை அணைத்த பின் அறையில் ஒளி மிஞ்சுவதில்லை அன்றோ?

இருட்டறையில் ஒளிந்திருக்கும் கதிர்

கதிர் அளவைக் கூட்டும் காரணங்களுள் ஒன்று கருவியிலேயே இல்லை, இருட்டறையில் இருக்கிறது. இன்னும் பிலிம் பயன்படுத்தும் இடங்களுக்கு இது பொருந்தும். டெவலப்பர் கரைசல் 20 டிகிரி செல்சியஸில் இருந்தால் பிலிமை 5 நிமிடம் வைக்க வேண்டும். 27 டிகிரியில் ஏறக்குறைய அதில் பாதி நேரம் போதும். நம் ஊர்க் கோடையில் குழாய்த் தண்ணீரே எத்தகைய வெப்பத்தில் வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. வெப்பமானியும் கடிகாரமும் பார்த்துச் செய்யாமல், சிவப்பு விளக்கின் கீழ்ப் பிலிமைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, 'கறுத்துவிட்டது, போதும்' என்று எடுத்துவிடுவது பலரின் வழக்கம். அரைகுறையாகக் கழுவிய பிலிம் போதிய அளவு கறுக்க வேண்டுமானால் முதலிலேயே கதிரைக் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். கரைசல் பழையதாகிச் சோர்ந்துபோனாலும் இதே கதைதான். படம் வெளிறி விழுகிறது. கரைசலை மாற்றுவதற்குப் பதில் நேரத்தை ஒரு புள்ளி கூட்டி வைக்கிறார்கள். சில ரூபாய்க் கரைசலுக்காக ஒவ்வொரு நோயாளியும் கூடுதல் கதிர் பெறுகிறார். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. மெல்ல மெல்ல வந்து படிந்துவிடுகிறது.

பிலிமுக்குப் பதில் மின்னணு உணரியைக் கொண்டு படம் எடுக்கும் முறை 1980களின் இறுதியில் பிரான்சில் தோன்றியது. இன்று நம் சிற்றூர் மருத்துவமனைகளிலும் அது வந்துவிட்டது. கதிர் குறைவு, இருட்டறை தேவையில்லை, படம் உடனே திரையில். ஆயினும் இதிலும் இரண்டு பொறிகள் உள்ளன. படம் உடனே தெரிவதால், 'சரியில்லை, இன்னொன்று' என்று அழுத்துவது எளிதாகிவிட்டது. மூன்று முறை எடுத்த பின் மிச்சம் என்ன? மற்றொன்று இன்னும் நுட்பமானது. பிலிமில் கதிர் மிகுந்தால் படம் கறுத்துத் தவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மறுபயன்பாட்டு ஒளிர்தகடு வகையில், கதிர் இருமடங்கானாலும் கணிப்பொறி அதைச் சரிசெய்து அழகான படமாகவே காட்டிவிடும். புள்ளி இரைச்சல் குறைவதால் முன்னிலும் அழகாகவே தெரியும். ஆகவே எடுப்பவர் தம்மை அறியாமலே நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகக்கூடும். தவற்றைக் காட்டிக்கொடுத்த பிலிம் ஒரு வகையில் நல்ல ஆசிரியர்!

தாடை முழுவதையும் ஒரே வீச்சில் எடுக்கும் அகலப் படத்துக்குச் சுமார் 14 முதல் 24 மைக்ரோ சீவர்ட் ஆகிறது. கூம்புக் கற்றை முப்பரிமாணப் படமோ சில பத்துகளிலிருந்து பல நூறு வரை செல்லும். படம் பிடிக்கும் பரப்பைப் பொறுத்தது. ஒரு பல்லின் வேரைப் பார்க்க முகம் முழுவதையும் படம் பிடிக்கத் தேவையில்லை.

ஈய அங்கியைப் பற்றி ஒரு சொல். பல் எக்ஸ்ரே பாதுகாப்பு என்றாலே மார்பில் போர்த்தும் அந்தக் கனமான அங்கிதான் மக்கள் நினைவுக்கு வருகிறது. ஆனால் அமெரிக்கப் பல் மருத்துவக் கழகம், பல் படம் எடுக்கும்போது நோயாளிக்கு ஈய அங்கியும் கழுத்துப் பட்டையும் வழக்கமாக அணிவிக்கத் தேவையில்லை என்று 2024இல் பரிந்துரைத்தது, கருவுற்றவர்களுக்கும் அவ்வாறே. காரணம் எளிது. கற்றையைச் சரியாகச் சுருக்கி, வேகமான உணரியைப் பயன்படுத்தினால் வயிற்றையோ மார்பையோ அடையும் கதிர் மிக அற்பம். உள்ளே செல்வதும் பெரும்பாலும் உடலுக்குள்ளேயே சிதறிச் செல்வது. அதை வெளியே போர்த்திய அங்கி தடுக்காது. மாறாக, கழுத்துப் பட்டை அகலப் படத்தின் குறுக்கே விழுந்து, படத்தை மீண்டும் எடுக்க வைத்துவிடவும் கூடும். மருத்துவமனையில் அங்கி கொடுத்தால் மறுக்க வேண்டியதில்லை. அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிறைவில் வட்டக் குழலையும் பழைய கரைசலையும் மறந்துவிடுவதுதான் குறை.

நம் நாட்டில் இவற்றைக் கண்காணிப்பது 1983இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்ப் பணியாளர்க்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மிகாமல் என்றும், பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட் என்றும் அது வரம்பு வகுத்துள்ளது. நோயாளிக்கு மட்டும் வரம்பு எதுவும் இல்லை. இது மறதியால் நேர்ந்ததன்று. தேவைப்படும் படத்தை எண்ணைக் காட்டித் தடுக்கலாகாது என்பதே நோக்கம். ஆனால் அதன் மறுபக்கம், இப்படம் தேவையா என்று முடிவு செய்யும் பொறுப்பு முழுவதும் மருத்துவர் மீது விழுகிறது. வாயைத் திறந்து பார்க்கும் முன்பே 'முதலில் எக்ஸ்ரே எடுத்து வா' என்று அனுப்புவது இப்பொறுப்புக்கு ஒத்ததன்று. ஊர் மாறியவர்கள், மருத்துவர் மாறியவர்கள் பலருக்கு, மூன்று மாதத்துக்கு முன் எடுத்த படம் வீட்டு அலமாரியிலோ கைப்பேசியிலோ இருக்கும். கேட்காததால் சொல்லாமல் மீண்டும் எடுத்துக்கொள்கிறார்கள். படத்தின் நகலைக் கேட்டு வாங்கி, எடுத்த தேதியை அதன் மேல் எழுதி வையுங்கள். அடுத்த முறை நாற்காலியில் அமரும் முன் அதை மருத்துவரிடம் நீட்டுங்கள்.